ஏழு பேராம்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, மாடி அறையில் மடக்கு மேசையை விரித்துப் போட்டு, எல்லோரும் ஒரு வழியாக அவரவர் நாற்காலியில் அடங்கிய பிறகுதான் அண்ணன் சின்னவளின் தாளை வாங்கிப் பார்த்தான். பார்த்தவுடன் அவன் முகம் சோற்றில் கல் கடிபட்டவன் முகம்போல ஆகிவிட்டது.

"என்னடி இது?"

"புது ஆளு. ஓடக்காரி."

"அது தெரியுது. வகுப்புன்னு இருக்கற இடத்துல என்ன எழுதியிருக்க?"

"ஏன், கண்ணு தெரியலையா? சொல்லாளி."

மேசைக்கு எதிர்ப்பக்கம் அத்தை மகன் பிஸ்கட்டைக் கடித்தவன் கடித்தபடியே இருந்தான். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் சின்னவள் வாரம் முழுக்க நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள்.

அந்த அறையில் வாரா வாரம் நடப்பது ஒரு கதை விளையாட்டு. அண்ணன் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவான். மற்ற நால்வரும் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவார்கள். செய்ய நினைத்தது பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அந்த உலகம், நீலமுடி நாடு என்று பெயர், அதன் மலை, ஆறு, ராணி, கோபுரம், வரிச்சட்டம் உட்பட எல்லாம் அண்ணனின் மண்டைக்குள்ளிருந்து வந்தவை. அச்சகத்தில் பிழை திருத்துவது அவன் வேலை. மிக வேண்டிய இடத்தில் ஓர் ஒற்று மிகாமல் போனால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவன் கட்டிய நாட்டில் எதுவும் ஏனோதானோவென்று இருக்காது.

அந்த நாட்டில் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வகுப்பு உண்டு. வாள்காரர், வில்லாளி, திருடர், வைத்தியர், சுமையாளி. இவர்களெல்லாம் தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள். சொல்லாளி மட்டும் தனி ரகம். அவர் ஒரே ஒரு சொல்லை வாய்விட்டுச் சொன்னால் போதும், அது நடந்துவிடும். 'எரி' என்றால் எரியும். 'திற' என்றால் பூட்டு வாயைப் பிளக்கும். நாளுக்கு ஒரு சொல்தான் பலிக்கும். அண்ணன் எழுதித் தைத்து வைத்திருந்த நீலமுடி நாட்டு வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இருந்தது: 'சொல்லாளிகள் லட்சத்தில் ஒருவர். இத்தலைமுறையில் ஏழு பேர்.'

அந்த ஏழு பேரில் ஒருவரைத்தான் அத்தை மகன் ஆடிக்கொண்டிருந்தான். அவனைச் சின்னவள் அத்தான் என்பாள். விளையாட்டு தொடங்கிய நாளன்று முதலில் வந்து சேர்ந்தவன் அவன். எது பெரியதோ அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

சின்னவளுக்குப் போன வாரம் வரைக்கும் ஒரு சுமையாளி இருந்தாள். மூட்டை தூக்குகிறவள், பேச்சு குறைவு. தொங்குபாலம் அறுந்தபோது அத்தானின் சொல்லாளியைக் கரைக்குத் தள்ளிவிட்டவள் அவள்தான். தள்ளிவிட்டு அவள் பலகையோடு தொங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் 'நில்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாலம் நின்றிருக்கும். அவன் தாடையைத் தடவி யோசித்தான்.

"இன்னிக்கு இருக்கறது ஒரு சொல்லு. அதைப் போய் இதுக்குச் செலவு பண்றதா? சுமையாளி தெருவுக்கு நூறு பேர் இருக்காங்க. நீ இன்னொருத்தி எழுதிக்கோ, குட்டி."

பாலம் விழுந்தது.

அவள் எழுதினாள். பேருந்திலும், ரத்த வங்கியில் சாப்பாட்டு நேரத்திலும், எழுதி அழித்து எழுதி, ஓர் ஓடக்காரியை உருவாக்கினாள். கயிறு பிடித்துக் காய்த்த உள்ளங்கை, அம்மாவிடமிருந்து வந்த ஓடம், வெயிலில் வெளுத்த புருவம் எல்லாம் வைத்தாள். சிறுவயதிலிருந்து கரையில் நின்று 'வா' என்றால் ஓடம் தானாக வரும். ஓடம் என்றால் கூப்பிட்டால் வருவதுதானே என்று ஓடக்காரி நினைத்துக்கொண்டிருந்தாள். அது பெரிய விஷயம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இந்த இடத்தை எழுதியபோது சின்னவளுக்கே உடம்பு சிலிர்த்தது. உடனே, இது சரியாக வந்திருக்கிறதா, அல்லது எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா என்ற சந்தேகமும் வந்தது. அவள் சுபாவம் அப்படி.

இப்போது அண்ணன் அந்த இடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை படித்தான்.

"நல்லாத்தான் எழுதியிருக்க," என்றான். "ஆனா ஏழு முடிஞ்சுபோச்சு."

"யார் யாரு தம்பி அந்த ஏழு?" என்று கேட்டாள் டிரைவர் அக்கா. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். விளையாட்டில் அவள் வாள்காரி. எதைக் கேட்டாலும் பின்னால் நிற்கும் கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்பாள்.

அண்ணன் விரலை மடக்கினான். "கோபுரத்துத் தலைவர். ராணியோட ஆலோசகர். வடக்கு மலையில இரட்டையர், அது ரெண்டு. கப்பல்ல ஒருத்தர். குகையில ஒருத்தர். ஏழாவது நம்ம மச்சான்."

"லட்சத்துல ஒருத்தருன்னு சொல்லிட்டு, அதுல ஒருத்தரு நம்ம மாடியில உக்காந்து கிரீம் பிஸ்கட்டுல கிரீமை மட்டும் நக்கிட்டு இருக்காரு. அது மட்டும் எப்படி?"

"கதாநாயகன்னா அப்படித்தான்கா," என்றான் அத்தான், வாயைத் துடைத்துக்கொண்டு.

"ஓ, கதையில நாயகன் வேற இருக்காரா? சொல்லவே இல்ல."

மருந்துக்கடைக்காரர் கனைத்தார். அவரை எல்லோரும் மாத்திரை என்றுதான் கூப்பிடுவார்கள்; அவரும் அதற்குத்தான் திரும்புவார். கடையில் அத்தனை நேர்மையான மனிதர், இங்கே திருடனாக ஆடினார். "வகுப்புன்னாலே வம்புதான். ஸ்கூல்ல 'உன் வகுப்புக்குப் போடா'ன்னு துரத்துவாங்க. பொழுதுபோக்குக்கு வந்த இடத்துலயும் அதேவா?"

"சார், விதின்னு ஒண்ணு வேணும்ல?" என்றான் அண்ணன். "இன்னிக்கு இவளுக்கு ஒண்ணு விட்டா, அடுத்த வாரம் நீங்க கேப்பீங்க, அப்புறம் அக்கா கேப்பாங்க. எல்லாரும் சொல்லாளியா இருந்தா அதுல என்ன அபூர்வம் இருக்கு?" தாளைச் சின்னவள் பக்கம் நகர்த்தினான். "வேற வகுப்பு எழுதிட்டு வா. இல்லாட்டி இன்னிக்கு வேடிக்கை பாரு."

"அப்படியே டீ போட்டு எடுத்துட்டு வந்துடு," என்றான் அத்தான். "இன்னிக்கு உன் முறைதானே?"

முறை அவளுடையதுதான். அதுதான் எரிச்சல். அவள் எழுந்து படியிறங்கினாள். இறங்கும்போதே ஒரு குரல் உள்ளே முணுமுணுத்தது: அவன் உலகம், அவன் விதி; நீ அதிகம் ஆசைப்படுகிறாயோ? சுமையாளி நன்றாகத்தானே இருந்தாள்? இன்னொரு சுமையாளியை எழுதினால் யாருக்கும் சங்கடம் இல்லை. அவள் பாதிப் படியில் அதற்குக் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டாள்.

சமையலறையில் அம்மா உலர்ந்த துணிகளை மேசைமேல் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"மேல என்ன சத்தம்? கூரை பிஞ்சிடும் போல இருக்கு."

"அண்ணன் என்னை ஆட்டத்துல சேத்துக்க மாட்டேங்குது."

"என்னவா ஆகணுமாம் உனக்கு?"

"ஒரு வார்த்தை சொன்னா அது நடக்கும். அந்த மாதிரி ஆளா."

அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த வீட்டுல நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். ஒரு குழாய் ஒழுகறதைக்கூட யாரும் நிறுத்தல. நீயாவது நடத்திக் காட்டு."

"எங்கம்மா நடத்தறது? ஏழு பேருக்கு மேல கிடையாதாம்."

"யாரு எண்ணுனாங்களாம்?"

அம்மா சும்மா கேட்டாள். கேட்டுவிட்டு அப்பாவின் சட்டையில் பொத்தான் போனதைக் கவனிக்கப் போய்விட்டாள். சின்னவள் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தவள், வைத்த கையோடு நின்றாள். 'கிடையாதாம்' என்று அவள்தான் சொன்னாள். 'கிடையாது' என்று சொல்லவில்லை. நாக்கு தானாக அந்த 'ஆம்' போட்டுக்கொண்டது. அந்த 'ஆம்' ஒட்டியிருந்ததால்தான் அம்மா யார் என்று கேட்டாள்.

அவள் வேலை பார்க்கும் ரத்த வங்கியில், அபூர்வ வகை ரத்தம் உள்ளவர்களுக்கென்று தனி அலமாரி உண்டு. சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பெயின்டர், தன் அக்காவின் அறுவை சிகிச்சைக்கு ரத்தம் கொடுக்க வந்தார். கை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளி. சோதித்துப் பார்த்தால் அவர் ரத்தம் அந்தத் தனி அலமாரிக்குரியது. விஷயத்தைச் சொன்னபோது அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'அப்போ நேத்தும் நான் இப்படித்தான் இருந்தேனா?' என்று கேட்டார். சின்னவளுக்கு அன்று சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. தன் அக்காவுக்கு உடம்புக்கு வராமல் இருந்திருந்தால் அந்தப் பெயின்டர் எந்த எண்ணிக்கையிலும் வந்திருக்க மாட்டார். அவரைத் தவிர்த்துவிட்டு, இத்தனை பேர்தான் என்று எல்லோரும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அம்மா கத்தினாள். சின்னவள் துடைத்துவிட்டு, மிச்சப் பாலில் டீ போட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறினாள்.

"எழுதிட்டியா?" என்றான் அண்ணன்.

"அதுக்கு முன்னாடி, அந்த வரியைப் படி."

"எந்த வரி?"

"ஏழு பேர் வரி."

அவன் பெருமூச்சோடு படித்தான். "'சொல்லாளிகள் லட்சத்தில் ஒருவர். இத்தலைமுறையில் ஏழு பேர்.' போதுமா?"

"இதை எழுதினது யாரு?"

"நான்தான். வேற யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

"வெளியில நீ. உள்ள யாரு எழுதினதா இருக்கு?"

அண்ணன் உதட்டைச் சுழித்தான். வரலாறு என்றால் வெறுமனே தன் பெயரில் எழுதினால் களை கட்டாது என்று, கோபுரத்து எழுத்தர் என்று ஒருவரை உண்டாக்கி, அவர் சொல்வதுபோலத்தான் முழுப் புத்தகத்தையும் எழுதியிருந்தான். அவருக்குக் கொஞ்சம் தற்பெருமை, கொஞ்சம் மூட்டுவலி எல்லாம்கூட வைத்திருந்தான்.

"கோபுரத்து எழுத்தர்," என்றான்.

"அவருக்கு எப்படித் தெரியும், ஏழு பேருன்னு?"

"வருஷத்துக்கு ஒரு தடவை கோபுரத்து வாசலைத் திறப்பாங்க. வர்றவங்களைச் சோதிப்பாங்க. அப்படித் தேறினவங்க ஏழு."

"கோபுரம் எங்க இருக்கு?"

"மலை உச்சியில."

"ஓடக்காரி?"

"ஆத்துல."

"அவ மலை ஏறவே இல்ல. அவளை எழுத்தர் எப்படி எண்ணுனாரு? மூட்டுவலியோட இறங்கி வந்தாரா?"

டிரைவர் அக்கா மேசையில் ஓர் அறை அறைந்தாள். டீ தளும்பியது. "அப்படிக் கேளு கண்ணு!"

சின்னவள் பெயின்டரைப் பற்றிச் சொன்னாள். வேகமாகச் சொன்னாள், நடுவில் குழறியது. அத்தான் கேட்டு முடித்துத் தலையாட்டினான்.

"ரத்தமும் மந்திரமும் ஒண்ணா குட்டி? அது உடம்புல ஓடறது. இது வேற விஷயம். கொடுப்பினை."

அது உண்மைதானோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. "தெரியல அத்தான். ஒண்ணா இல்லாம இருக்கலாம். ஆனா எண்ணறது ஒண்ணுதானே? வந்தவங்களை மட்டும் எண்ணிட்டு, இவ்வளவுதான் உலகம்னு எழுதறது எங்க பண்ணாலும் ஒண்ணுதான்."

"இப்போ என்னதான்டி பண்ணச் சொல்ற?" என்றான் அண்ணன். "அந்த எண்ணை மாத்தச் சொல்றியா?"

"எண்ணைத் தொடவே வேணாம். கடைசியில ஒரு 'ஆம்' மட்டும் போடு."

"என்னது?"

"'இத்தலைமுறையில் ஏழு பேராம்.' அவ்வளவுதான் நான் கேக்கறது."

அண்ணன் பென்சிலைக் கையில் எடுத்து, அந்த வரியைப் பார்த்தான். ஒரு கணம் போட்டுவிடுவான் போலத்தான் இருந்தது. பிறகு பிழை திருத்துபவன் விழித்துக்கொண்டான். "வரலாற்றுல 'ஆம்' போட்டா அது வரலாறா? வதந்தி மாதிரி ஆயிடும்."

"வதந்திதானே அது."

மாத்திரை டீயை உறிஞ்சியபடி, "வகுப்புன்னா வகுத்ததுதானே? அப்போ வகுத்தவன்னு ஒருத்தன் இருந்தே ஆகணும்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

"அப்போ என் ஆளு?" அத்தானின் குரலில் சிரிப்பு போயிருந்தது. "அவன் லட்சத்துல ஒருத்தன். அதுக்காகத்தான் நான் அவனை எடுத்தேன். இனிமே லட்சத்துல ஒருத்தனாம்னு சொல்லிக்கணுமா?"

"சொல்லிக்கோங்க அத்தான். கேக்க நல்லாத்தான் இருக்கு."

"மச்சான், இவளை அடக்கு. இல்லாட்டி நான் கிளம்பறேன்."

அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தான். "முடியாது. என் உலகம். நான் வச்சதுதான். 'ஆம்' எல்லாம் கிடையாது." பிறகு, தங்கையின் முகத்தைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் இறக்கினான். "இங்க பாரு. விதியில ஒரு வழி இருக்கு. யாரும் எதையும் முயற்சி பண்ணலாம். ஓடக்காரி சாதாரண ஆளாவே வரட்டும். சொல்லிப் பாக்கட்டும். ஆனா இருபது எட்டணும். எட்டலைன்னா ஒவ்வொரு தடவையும் நாலு உயிர்ப்புள்ளி போகும். உனக்கு இருக்கறது பன்னிரண்டு."

"மூணு தடவை."

"மூணு தடவை. அப்புறம் செத்தா என்னைக் கேக்கக் கூடாது."

அவள் அழிப்பானை எடுத்து 'சொல்லாளி' என்பதைச் சுத்தமாக அழித்தாள். துகளை ஊதினாள். அந்த இடத்தில் வேறு எதையும் எழுதவில்லை.

"வகுப்பு எழுதலையே."

"எழுதப்போறதில்ல."

"காலியா விடக் கூடாதுடி."

"இருக்கட்டும். என்னன்னு பாத்துட்டு எழுதிக்கலாம்."

அண்ணன் புத்தகத்தைத் திறந்தான், ஆட்டம் தொடங்கியது.

அன்றைக்கு அவர்கள் கோபுரத்துக்குப் போயாக வேண்டும். வழியில் முள்வேலி ஒன்று. சுற்றிக்கொண்டு போகலாம் என்று மாத்திரை சொல்லச் சொல்ல, அத்தான் 'எரி' என்று தன் சொல்லை அதன்மேல் வீசினான். வேலி எரிந்தது பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு அன்றைய சொல் அதோடு தீர்ந்தது. வேலிக்கு அப்பால் ஆறு. கரையில் ஓர் ஓடம், அதில் ஒருத்தி, வெளுத்த புருவம்.

அண்ணன் கோபக்காரன்தான், ஆனால் கதை சொல்ல வந்துவிட்டால் வஞ்சனை செய்ய மாட்டான். மேலே மழை பெய்திருக்கிறது என்றான். தண்ணீர் செம்மண் நிறத்தில் உருண்டு வருகிறது, வேரோடு மரங்கள் வருகின்றன என்றான். மூவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகு, நடு ஆற்றில் இழுப்புக் கயிறு அறுந்தது. ஓடம் பக்கவாட்டில் திரும்பியது. எல்லோரும் அவரவர் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஓடக்காரி என்ன பண்றா?"

"எந்திரிச்சு நிக்குறா. ஆத்தைப் பாத்து, 'அடங்கு'ன்னு சொல்றா."

பகடை உருண்டு டீத் தம்ளரில் முட்டி நின்றது. ஆறு.

"ஆறுக்கு ஆறே விழுந்திருக்கு," என்றார் மாத்திரை. யாரும் சிரிக்கவில்லை.

"தொண்டை கிழிஞ்சு ரத்தம் வருது," என்றான் அண்ணன். "எட்டுப் புள்ளி மிச்சம்."

"திரும்பவும் சொல்றா. 'அடங்கு.'"

பதினொன்று.

"மூக்குலேருந்தும் ரத்தம். நாலு மிச்சம். ஓடத்துக்குள்ள தண்ணி வருது." அண்ணன் அவளைப் பார்த்தான். "போதும்டி. துடுப்பைப் போடு. துடுப்புன்னா பத்து விழுந்தாலே போதும், தப்பிச்சிடுவ."

அதுதான் நியாயமான யோசனை. துடுப்புப் போட்டால் ஓடக்காரி பிழைப்பாள்; அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் இருப்பாள், ஓடம் ஓட்டுகிற ஒருத்தியாக. சின்னவள் பகடையை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். அவள் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது துடுப்புப் போடுகிறவளை அல்ல.

"சொல்றா," என்றாள்.

"செத்துடுவாடி!"

"இரு தம்பி," என்றாள் டிரைவர் அக்கா. நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "என் வாள்காரியும் அதே ஓடத்துலதான் நிக்குறா. இவ்வளவு நேரம் வாயில என்ன கொழுக்கட்டையா? அவளும் சொல்றா. 'அடங்கு.'"

"அக்கா, உங்க ஆளு வாள்காரி!"

"வாள் இருந்தா வாய் இருக்கக் கூடாதா? கூட நின்னு உதவி பண்ணா ஆளுக்கு ரெண்டு கூட்டிக்கலாம்னு நீதானே விதி வச்ச?"

"என் திருடனும்," என்றார் மாத்திரை. "சத்தமாச் சொல்லிப் பழக்கமில்ல அவனுக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்றான்."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? சரி. நாலு கூட்டிக்கோ. உருட்டு."

அவள் உருட்டினாள். பகடை நீளமாக ஓடி, அத்தானின் கைக்குப் பக்கத்தில் போய் நின்றது. பதினான்கு. நாலு சேர்த்தால் பதினெட்டு.

எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டார்கள். எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். இன்னும் ஒருவர் கூட நின்றால் இரண்டு. இருபது.

"நீங்க சும்மா கூட நின்னாப் போதும் அத்தான்," என்றாள் சின்னவள். "உங்க சொல்லு தேவையில்ல."

அத்தான் பகடையைப் பார்த்தான். பிறகு தன் தாளைப் பார்த்தான். பிஸ்கட் துகளை மெதுவாகத் தட்டிவிட்டான். நிமிராமலே பேசினான்.

"என் ஆளு கோபுரத்துல சத்தியம் பண்ணியிருக்கான். பட்டியல்ல இல்லாதவங்க சொன்னா, கூட நிக்க மாட்டேன்னு. ஏழு பேரும் பண்ணியிருக்காங்க. மச்சான் எழுதினதுதான் அது. நான் இட்டுக் கட்டல."

அண்ணன் புத்தகத்தைப் புரட்டினான். தேடிய பக்கம் வந்ததும் அவன் விரல் அங்கேயே நின்றது.

"ஆமா," என்றான். "இருக்கு."

"ஓ," என்றார் மாத்திரை. "ஏழு ஏழாவே இருந்தது இப்படித்தானா?"

கீழே குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. அண்ணன் தன் புத்தகத்தையே, வேறு யாரோ எழுதி வைத்துவிட்டுப் போனதுபோல, பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கதை நடத்துகிறவன் செய்ய வேண்டியதைச் செய்தான். ஓடம் பாறையில் மோதியது என்றான். வாள்காரி கரை வேரைப் பிடித்தாள், திருடன் அவள் காலைப் பிடித்தான், சொல்லாளி இருவருக்கும் முன்னால் கரை சேர்ந்தான். ஓடக்காரி கடைசி வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாள். தண்ணீர் அவள் இடுப்பு வரை ஏறியபோதும் வாய் அசைந்துகொண்டிருந்தது. பிறகு தெரியவில்லை. நன்றாகத்தான் சொன்னான்.

"செத்துட்டா," என்றான். "மன்னிச்சுக்கோடி."

"சரி," என்றாள் சின்னவள்.

ஓடக்காரியின் தாளை எடுத்து மடிக்காமல், கசக்காமல் மேசையின் ஓரத்தில் வைத்தாள். அவளுக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்து அக்கா கையை நீட்டினாள். அழுகை வரவில்லை. அவள் மேசைமேல் இருந்த தாள்கட்டிலிருந்து ஒரு வெற்றுத் தாளை உருவினாள். பென்சிலைச் சீவினாள். வாரம் முழுக்க எழுதி எழுதி அழித்தவள், இந்த முறை நிறுத்தாமல், ஓர் எழுத்தைக்கூட அழிக்காமல் எழுதினாள். தாளை அண்ணனின் புத்தகத்துக்கு மேலேயே வைத்தாள்.

அண்ணன் படித்தான். "'ஓடக்காரியின் தங்கை. இக்கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.'" தொண்டையைச் செருமினான். "வகுப்பு காலியா இருக்கு."

"ஆமா."

"சரி, கரையில நிக்குறா. என்ன பண்றா?"

"தண்ணிக்குள்ள இறங்குறா. ஆத்தைப் பாத்து, 'அடங்கு'ன்னு சொல்றா."

"இவளுக்கும் அதே விதிதான். இருபது."

"தெரியும்."

"இவளும் செத்தா?" என்றான் அத்தான்.

"அவளுக்கும் ஒரு தங்கச்சி இருக்கா."

"விளையாடறியா?"

"அதுக்குத்தானே அத்தான் வந்திருக்கோம்?"

டிரைவர் அக்கா சிரிக்கத் தொடங்கினாள். மாத்திரை ஏற்கனவே தாள்கட்டிலிருந்து தனக்கும் ஒரு வெற்றுத் தாளை உருவிக்கொண்டிருந்தார். அண்ணன் அதைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். அவன் கோபப்படப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை.

"மொத்தம் எத்தனை தங்கச்சிடி அவளுக்கு?"

சின்னவள் எட்டி, அத்தானின் கைப்பக்கம் கிடந்த பகடையை எடுத்தாள்.

"எனக்குத் தெரியாது. அந்த எழுத்தரை மலையை விட்டு இறங்கி வந்து எண்ணச் சொல்லு."